முதுகு, இடப்பக்கம்

இருநூற்றுப் பதின்மூன்று பெயர்களில் இருபத்திரண்டு மிஞ்சியிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை டாக்டர் செண்பகவல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், ஆனால் ஏ.சி. அறையில் உட்கார வைத்து, டீயும் முந்திரி பிஸ்கட்டும் கொடுத்து, வெள்ளைத் திரையில் கழுதையைத் தேய்த்தே காட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மாநிலத்தில் உள்ள எல்லா அரசு ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவுக்கும் இனி ஒரே கம்ப்யூட்டர் படிவம். நோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்பதை டாக்டர் தன் இஷ்டத்துக்குக் கிறுக்கக் கூடாது, பட்டியலில் இருந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தப் பெயர் கன்னியாகுமரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரே இடத்தைத்தான் குறிக்க வேண்டும். நல்ல யோசனை. அந்த யோசனையே அவளுடையதுதான். ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்று வளர்ந்த பட்டியல் அது: உச்சந்தலை, நெற்றிப்பொட்டு, காது மடல், காதின் பின்புறம், மோவாய், பிடரி, காறை எலும்புக்கு மேல் குழி என்று இறங்கி இறங்கிக் காலின் சுண்டுவிரல் நகக்கண் வரைக்கும் போகும், ஒவ்வொன்றுக்கும் படம், ஒவ்வொன்றுக்கும் எல்லை. அதை இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்து வந்திருந்த ரெஜினா என்ற பெண், பாவம், சிரித்த முகத்தோடு சுருக்கிக் கொண்டு வந்திருந்தாள். தலை. முகம். கழுத்து. மார்பு. வயிறு. முதுகு. "இருபத்தஞ்சுக்கு மேல போனா யாரும் கீழ வரைக்கும் தள்ளிப் பாக்க மாட்டாங்க மேடம். முதல்ல எது கண்ணுல படுதோ அதத் தொட்டுட்டுப் போயிடுவாங்க. எல்லா ஆஸ்பத்திரியிலயும் பாத்துட்டோம், இதான் நடக்குது." தலைவர் நாற்காலியில் இருந்த டாக்டர் அருணகிரி, செண்பகவல்லிக்கு ஒரு காலத்தில் பாடம் எடுத்தவர், "கரெக்ட், கரெக்ட்" என்று தலையாட்டிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. ஒரு மணிக்குச் சாப்பாடு என்று அழைப்பிலேயே போட்டிருந்தது.

முதுகு என்று ஒரே வரி. அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்சல் கொண்டு வருகிறவன்கூடத் தெருவைக் கேட்கிறான், தெருவுக்குள் வந்த பிறகு எந்த வீடு, மாடியா கீழா என்று போன் போட்டுக் கேட்கிறான். வெறும் ஊர்ப் பெயரை எழுதி அனுப்பினால் எந்த மகராசன் கொண்டு வந்து சேர்ப்பான்? உடம்பிலேயே பெரிய பொட்டல் முதுகுதான். முகத்தில் ஒரு மச்சம் என்றால் மூக்குக்கு இந்தப் பக்கம், உதட்டுக்கு மேலே என்று ஏதாவது ஒன்று கைகொடுக்கும். முதுகில் மேட்டையும் பள்ளத்தையும் விரலால் தேடிப் பிடிக்க வேண்டும். தோள்பட்டை எலும்பின் மேல்முனை, கீழ்முனை, நடுவே முதுகந்தண்டு, கடைசி விலா, இடுப்பெலும்பின் விளிம்பு. பிடித்துவிட்டால் அப்புறம் அளந்துவிடலாம், அளக்க மனம் வேண்டும், அவ்வளவுதான். அவளுடைய முதுகில் இப்போது எங்கோ அரித்தது. ரவிக்கையின் உள்தையலா, காய்ந்த வியர்வையா, தெரியவில்லை. மேலிருந்து கையை விட்டாலும் எட்டாது, கீழிருந்து வளைத்தாலும் எட்டாது, அப்படி ஓர் இடம். எட்டினாலும் பதினோரு பேர் நடுவில் சொறிய முடியுமா? நாற்காலியில் லேசாகத் தேய்த்தாள். இன்னும் கொஞ்சம் இடது. இல்லை, அதற்கும் மேலே. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். அவளிடம் வைத்தியத்துக்கு வந்த சூசை மாணிக்கம் அண்ணாச்சியும் தன் முதுகைப் பார்த்தவர் இல்லை. பார்த்தது அவர் மனைவி மிக்கேலம்மாள். மிளகு அளவு மச்சம் ஒன்று நிறம் மாறிப் பெரிதாகிறது என்று தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் இருந்து அவரை இழுக்காத குறையாகப் பஸ் ஏற்றி அழைத்து வந்தது அந்த அம்மாள்தான். சட்டையைக் கழற்றினால் அது என்ன முதுகா! மஞ்சள் காமாலைக்குச் சின்ன வயதில் இழுத்த சூடு மூன்று, அம்மைத் தழும்புகள், மூட்டை உரசி உரசிக் காய்ப்பேறிய திட்டு, எப்போதோ கட்டி பழுத்து உடைந்த வடு. அந்த மச்சத்தைப் பென்சில் பருமனுள்ள கருவியால் தோண்டி எடுத்து, ஒரு தையல் போட்டு, பாட்டிலில் அடைத்து லேபுக்கு அனுப்பினார்கள். பாட்டிலின் மேல் யாரோ எழுதியிருந்தார்கள்: முதுகு, இடப்பக்கம். புற்று என்று பதில் வந்தது. அந்த இடத்தைச் சுற்றியுள்ள சதையோடு அகலமாக வெட்டி எடுக்க வேண்டும் என்று அறுவைப் பிரிவுக்குச் சீட்டு போயிற்று. அந்தச் சீட்டிலும் யாரோ எழுதியிருந்தார்கள்: முதுகு, இடப்பக்கம். ஆறு வாரம் கழித்து அவர் அறுவை மேஜையில் குப்புறப் படுத்தபோது தோண்டிய இடம் ஆறி, அத்தனை தழும்புகளுக்குள் ஒரு தழும்பாகக் கலந்து போயிருந்தது. டாக்டர் பெஞ்சமின் சீட்டைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், இடப்பக்கத்தில் எடுப்பாகத் தெரிந்த ஒரு வடுவைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி எடுத்தார். அது பழைய கட்டியின் வடு. வெட்டிய சதையைப் பார்த்துவிட்டு லேப் எழுதியது, புற்று அணுக்கள் எதுவும் இல்லை என்று. எப்படி இருக்கும்? ஆனால் எல்லோருக்கும் சந்தோஷம். மிக்கேலம்மாள் ஒரு கிலோ மக்ரூன் கொண்டு வந்து கொடுத்தார், டிபார்ட்மெண்டே தின்றது. பதினோரு மாதத்தில் மிளகு நிலக்கடலையாகத் திரும்பி வந்தது, இடது அக்குளில் நெறி கட்டியிருந்தது, நெறிக்குள்ளும் அதே புற்று. யாரோ எழுதியிருந்தார்கள். இந்தக் கதையை மனதுக்குள் ஓட்டும்போதெல்லாம் இந்த 'யாரோ'வில் வந்து வண்டி நின்றுவிடும், இறங்கித் தள்ளினால்தான் நகரும். யாரோ என்ன யாரோ. எழுதியது செண்பகவல்லி. எழுத்தும் அவளுடையது, கீழே போட்ட கையொப்பமும் அவளுடையது.

அன்றைக்கு ஓ.பி.யில் நூற்று அறுபது பேர், இரண்டு டாக்டர் லீவு, மின்விசிறி வேறு ஓடவில்லை என்று ஆயிரம் காரணம் வரிசையில் வந்து நிற்கும். வரட்டும், எல்லாம் நிஜம்தான், நிஜமான காரணங்களால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அவள் திரையைப் பார்த்தாள். இப்போது தமிழ்ப் பெயர்களைச் சரிபார்க்க வந்திருந்த முனைவர் அறவாழி எழுந்து நின்றிருந்தார். அவருக்கு இருபத்திரண்டும் அதிகம் போலிருந்தது. "பதினெட்டாவது பெயர் கொஞ்சம் நெருடுதுங்க. குண்டின்னு அரசுப் படிவத்துல போட முடியாது. புட்டம்னு சொன்னாலும் பெண் மருத்துவர்கள் இருக்காங்க. பின்னிடம்னு வெச்சுக்கலாம்னு நெனைக்கிறேன்." பெண் மருத்துவர்களுக்காக இவர் கூச்சப்படுகிறார்! பதினாறு வருஷமாக அவள் ஒரு நாளைக்கு எத்தனை குண்டி பார்க்கிறாள் என்று இந்த மனிதருக்குத் தெரியுமா? படர்தாமரையோடு வருகிற லாரி டிரைவர் 'பின்னிடத்தில் அரிக்கிறது' என்றா சொல்கிறான்? சொல்ல வாய் வராதவர்கள் வேறு இருக்கிறார்கள், அவர்களை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மார்புக்கு அடியில் புண்ணை வைத்துக்கொண்டு 'நெஞ்சுல' என்பார்கள், கவட்டையில் கொப்புளத்தை வைத்துக்கொண்டு 'கால்ல' என்பார்கள், அதற்கும் வழியில்லாதவர்கள் முந்தானையை இறுக்கிக்கொண்டு 'அங்கதான் டாக்டர்' என்று தரையைப் பார்ப்பார்கள். எங்கே என்று இரண்டாம் தடவை கேட்டால் அழுதுவிடுவார்கள். அங்கே என்பதை அப்படியே எழுதிக்கொண்டு களிம்பைக் கொடுத்து அனுப்பிய டாக்டர்களை அவளுக்குத் தெரியும். அக்குள், விலா, அடிவயிறு, கவட்டை, கெண்டைக்கால், கணுக்கால், குதிகால், புறங்கை என்று ஒரு சாணுக்கு ஒரு பெயர் வைத்துப் புழங்கிக்கொண்டிருக்கிற ஜனங்களுக்கு இந்த அறையில் உட்கார்ந்து இவர்கள் கை, கால், பின்னிடம் என்று திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். "அறவாழி ஐயா" என்றாள் செண்பகவல்லி, குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, "குண்டியில புண்ணு வந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?" யாரோ இருமினார்கள். ரெஜினா சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். அறவாழி காது வரைக்கும் சிவந்து உட்கார்ந்தார். பாவம், அவர்மேல் காட்ட வேண்டிய கோபம் இல்லை அது, அவருக்கும் அது தெரிந்த மாதிரி இருந்தது.

"செண்பகா" என்றார் அருணகிரி. அவர் அப்படிக் கூப்பிட்டால் கண்டிக்கப் போகிறார் என்று அர்த்தம், படிக்கிற காலத்திலேயே அப்படித்தான். "உணர்ச்சிவசப்படாதீங்க. உங்க உழைப்பை யாரும் குறைச்சுச் சொல்லல. ஆனா முதுகை மட்டும் பதினாறா பிரிச்சு வெச்சிருக்கீங்க, எந்த டாக்டருக்கு அதுக்கு நேரம் இருக்கு? ஒண்ணு செய்யுங்க. இடத்தைச் சரியா எழுதாததால ஒரு நோயாளிக்குக் கெடுதல் நடந்துச்சுன்னு ஒரே ஒரு கேஸ் காட்டுங்க. வெளிநாட்டுக் கட்டுரை எல்லாம் வேணாம், நம்ம ஆஸ்பத்திரியில, நம்ம டாக்டர் செஞ்சது. காட்டுங்க, இருநூத்திப் பதிமூணையும் இப்பவே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். இல்லேன்னா இருபத்திரண்டோட முடிச்சுக்குவோம்." சொல்லிவிட்டு மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு முப்பத்தைந்து. அறை முழுவதும் அவளையே பார்த்தது. வேறோர் ஆஸ்பத்திரியில் நடந்தது என்று சொல்லிவிடலாம். எந்த ஆஸ்பத்திரி என்பார். தோழி ஒருத்தி சொன்னாள் என்று சொல்லலாம். கேள்விப்பட்டது எல்லாம் கேஸ் ஆகாதும்மா என்பார். பெஞ்சமின் வெட்டியது தப்பு என்று சொல்லலாம், அதற்குக் காகிதமே இருக்கிறது. விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் நடத்திய விசாரணை. அறுவைக்கு முன் இடத்தை உறுதிசெய்துகொள்ளத் தவறினார் என்று பெஞ்சமினுக்கு மெமோ கொடுத்து, மலைப்பக்கத்து ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மனைவிக்கு இங்கே வேலை, மனிதர் வாரா வாரம் பஸ்ஸில் அலைகிறார் என்று கேள்வி. எய்தவள் இருக்க அம்பை நொந்தார்கள். அவளையும் கூப்பிட்டார்கள், கூப்பிடாமல் இல்லை. விசாரணைப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நோயின் இடம் சீட்டில் குறிக்கப்பட்டுள்ளதா? அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசாரித்தவர்களில் ஓர் அதிகாரி சீட்டைப் புரட்டினார், முதுகு, இடப்பக்கம் என்பதைப் படித்தார், குறிக்கப்பட்டுள்ளது என்று டிக் போட்டார். அவ்வளவுதான். 'நீங்க போகலாம் மேடம்.' குறிக்கப்பட்டுள்ளது! ஒரு மனிதனின் முதுகில் பாதியைக் காட்டி இங்கேதான் எங்கேயோ என்று எழுதியதற்குப் பெயர் குறிப்பு! அந்த டிக்கைப் பார்த்து அவளுக்கு வந்த கோபம் இன்றைக்கும் தணியவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில், சட்டிக்கு அடியில் பிடித்த கரி மாதிரி, இன்னொன்றும் இருந்தது. அது நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி. அறையை விட்டு வெளியே வந்து அவள் காபி குடித்தாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது, சர்க்கரை கூடுதலாகப் போடச் சொல்லிக் குடித்தாள். பட்டியல் வேலையை அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆரம்பித்தாள். அதை உழைப்பு என்கிறார் அருணகிரி. முழுப் பூசணிக்காயை மறைக்க இருநூற்றுப் பதின்மூன்று பருக்கை சோறு தேடியது என்று அவருக்கு யார் சொல்வது? இப்போது வாயை மூடிக்கொண்டால் இருபத்திரண்டு. நாளை காலையில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பட்டியலைத் திறந்து, முதுகு என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவளைப் போல எழுதக்கூட வேண்டாம், தொட்டால் போதும். வாயைத் திறந்தால் இருநூற்றுப் பதின்மூன்று, ஆனால் வேலை போகலாம், வழக்கு வரலாம், பெஞ்சமின் முகத்தில் விழிக்க வேண்டி வரலாம். அவள் எழுந்து நின்றாள்.

"ஒரு கேஸ் இருக்கு சார். எங்க ஆஸ்பத்திரியில. எழுதினது நான்." ஆரம்பித்துவிட்டால் நிற்கவில்லை. மச்சத்தைச் சொன்னாள், பாட்டிலைச் சொன்னாள், சீட்டைச் சொன்னாள், ஆறிப்போன தழும்பைச் சொன்னாள், மக்ரூனைக்கூடச் சொன்னாள், ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. "டாக்டர் பெஞ்சமின் விசாரிச்சிருக்கணும், சரி. அவர் விசாரிச்சாலும் பதில் சொல்ல என்கிட்ட என்ன இருந்துச்சு? தோள்பட்டை எலும்போட கீழ்முனைக்கு ரெண்டு சென்டிமீட்டர் மேல, முதுகந்தண்டுல இருந்து ஏழு சென்டிமீட்டர் இடதுன்னு எழுதியிருந்தா எந்த மடையனும் சரியா வெட்டியிருப்பான். எழுதல. அந்த மனுஷன் இப்ப மருந்து ஏத்திக்கிட்டு இருக்கார். பிழைப்பாரான்னு கேட்டா பாதிக்குப் பாதி." அருணகிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் தேவலை. "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "அவ்வளவு கூட்டத்துல யாருக்கும் நடக்கும். சொன்னதே பெரிய விஷயம். லிஸ்ட்டை முழுசா எடுத்துக்கலாம், நான் வாக்கு தவற மாட்டேன். ஆனா இது மினிட்ஸ்ல வேணாம். துறை அனுபவத்தின் அடிப்படையில்னு பொதுவா போட்டுக்குவோம்." பொதுவாக! முதுகு, இடப்பக்கம் என்பதும் பொதுவாக எழுதியதுதானே, பொதுவாக எழுதியே ஒரு மனிதனைப் பாதிச் சாவுக்குக் கொண்டு போய்விட்டு அதை இன்னொரு பொதுவில் மூடுகிறார்கள். "போடுங்க சார்" என்றாள். "என் பேர் போட்டு, தேதி போட்டு எழுதுங்க. மெமோ என் பேருக்கு வரணும்னும் எழுதுங்க. இல்லேன்னா நானே தனியா எழுதி அனுப்புவேன்." அருணகிரி குறிப்பெடுக்கிறவரிடம் எழுதிக்கொள்ளும்படி கையைக் காட்டினார். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பட்டியல் நிறைவேறியது. ரெஜினா வந்து, "படத்தைத் தொட்டா இடம் வர்ற மாதிரி பண்ணிடலாம் மேடம், தேட வேண்டி வராது" என்றாள். அறவாழிகூட வந்து, குண்டி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் அவளிடம் ரொம்ப மரியாதையாக இருந்தார்கள், தப்பு செய்தவளிடம் காட்டுகிற மரியாதையா அது? தைரியசாலி என்று ஒருவர் காதுபடவே சொன்னார். பதினோரு பேருக்குச் சொல்லியாயிற்று. யாருடைய முதுகோ அவருக்குச் சொல்லவில்லை. கட்டி திரும்பி வந்தபோது அவரிடம் என்ன சொன்னாள்? 'சில பேருக்குத் திரும்ப வரும் அண்ணாச்சி, நம்ம கையில இல்ல.' நம்ம கையில இல்ல என்று, அதை எழுதிய கையாலேயே அவர் தோளைத் தட்டிக் கொடுத்து. அவரும் சரிம்மா என்று எழுந்து போனார்.

சாப்பாட்டு மணம் வந்த பக்கம் போகாமல் அவள் படிக்கட்டுப் பக்கம் போனாள். ஜன்னலுக்குக் கீழே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. சூசை மாணிக்கத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். நாலாவது மணியில் எடுத்தார். "யம்மா, சொல்லுங்க. செவ்வாக்கெழமதான வரச் சொன்னிய?" "செவ்வாய்க்கிழமைதான் அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். பக்கத்துல யாரும் இருக்காங்களா?" "மிக்கேலா தண்ணி எடுக்கப் போயிருக்கா. சொல்லுங்கம்மா." அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "முதல் ஆபரேஷன்ல இடம் மாறிப் போச்சு அண்ணாச்சி. நோய் இருந்த இடத்தை விட்டுட்டு வேற இடத்தை வெட்டிட்டாங்க. சீட்டுல இடத்தை நான் சரியா எழுதல. அதனாலதான் இப்ப இவ்வளவும். சில பேருக்குத் திரும்ப வரும், நம்ம கையில இல்லன்னு உங்ககிட்ட சொன்னது பொய்." "தெரியும்மா" என்றார். "என்ன தெரியும்?" "வெட்டுனது வேற எடம்னு. மரத்துப்போற ஊசி போட்டாவள்லா, அப்பமே தெரிஞ்சுது. நீங்க தோண்டுனது மேலயில்லா, இவிய கீழ குத்துதாவளேன்னு. சொல்லத்தான் வாயத் தொறந்தேன். பேசாமப் படுங்கன்னு சத்தம் போட்டாவ. சரி, படிச்சவியளுக்குத் தெரியாததா, என்னத்தையோ நெனச்சித்தான் அங்க வெட்டுதாவன்னு கெடந்துட்டேன்." செண்பகவல்லி சுவரில் சாய்ந்தாள். அந்த மேஜையைச் சுற்றி அன்றைக்கு நாலைந்து பேர் படித்தவர்கள் நின்றிருந்தார்கள், அத்தனை பேருக்கும் தெரியாத இடம் படுத்திருந்தவருக்குத் தெரிந்திருந்தது, ஒருவர், ஒரே ஒருவர் குனிந்து, எங்கே அண்ணாச்சி என்று கேட்கவில்லை. "அப்புறமாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றாள். அதைச் சொல்லும்போதே எவ்வளவு அசிங்கமான வார்த்தை என்று தெரிந்தது, ஆனால் வந்துவிட்டது. "கட்டி இல்லன்னு ரிப்போட்டு வந்துட்டுன்னு நீங்கதானம்மா சிரிச்சிக்கிட்டே சொன்னிய. அப்பம் போயி நான் என்னத்தச் சொல்ல? மிக்கேலாட்டகூட இன்னும் சொல்லல. சொன்னா அவ உங்கள ஏசிருவா." "ஏசட்டும்" என்று கத்தினாள், படிக்கட்டில் போன யாரோ திரும்பிப் பார்த்தார்கள். "ஏசச் சொல்லுங்க. நீங்களும் ஏசுங்க. உங்க உசிர வெச்சு வெளையாடியிருக்கோம், நீங்க பாட்டுக்கு யம்மா யம்மான்னு பேசிக்கிட்டு இருக்கீங்களே. ஒரு தடவையாவது கோவப்படுங்க அண்ணாச்சி." "யார் மேலம்மா படச் சொல்லுதிய?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "என் மேல" என்றாள் செண்பகவல்லி. அதற்கு அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, போனையும் வைக்கவில்லை.